பரமேறுதலும் கிறிஸ்துவின் அரசாட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இடம்பிடிக்க முந்திக்கொண்டு வருகிற சபையார், பரமேறுதல் வியாழக்கிழமை அன்று பாதி பெஞ்சுகளைக்கூட நிரப்புவதில்லை. ஆனால் அதே சபையார்தான் வாராவாரம் எழுந்து நின்று, "பரமண்டலத்துக்கேறி, சர்வவல்லமையுள்ள பிதாவாகிய தேவனுடைய வலது பாரிசத்தில் வீற்றிருக்கிறார்" என்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறார்கள். அந்தப் பிரமாணத்தில் இயேசுவைப் பற்றி வருகிற மற்றதெல்லாம் ஒன்று நடந்து முடிந்தது, இல்லையென்றால் இனி நடக்கப்போவது. பிறந்தார், பாடுபட்டார், உயிர்த்தெழுந்தார், வருவார். சரி, இன்றைக்கு இந்த நிமிஷத்தில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? அதற்குப் பதிலாக அங்கே இருப்பது "வீற்றிருக்கிறார்" என்ற ஒரே வரிதான். வேதபாட வகுப்புகளிலும் வாலிபர் கூட்டங்களிலும் இதைச் சுற்றி வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

பரமேறுதல் ஏன் எப்போதும் வியாழக்கிழமையில் வருகிறது?

ஈஸ்டர் ஞாயிற்றையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாள் வியாழன்தான். 2026ல் ஈஸ்டர் ஏப்ரல் 5, பரமேறுதல் மே 14. நாற்பது நாள் கணக்கு அப்போஸ்தலர் 1:3ல் இருக்கிறது. ஜெர்மனி, பிரான்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளில் அன்று அரசு விடுமுறை. விடுமுறை இல்லாத பல நாடுகளில் கத்தோலிக்கத் திருச்சபை இதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கு மாற்றி, ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவாகக் கொண்டாடுகிறது. தனிப் பண்டிகையாக இது நிலைபெற்றது நான்காம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். அந்தக் காலத்து ஆயர்களான யோவான் கிறிசோஸ்தோமும் நீசாவின் கிரகோரியும் இந்த நாளில் செய்த பிரசங்கங்கள் இன்றும் கையில் இருக்கின்றன.

லூக்கா 24ஐப் படித்தால் உயிர்த்தெழுந்த அன்றைக்கே பரமேறின மாதிரி இருக்கிறது. அப்போஸ்தலர் 1 நாற்பது நாள் என்கிறது. எது சரி?

இரண்டையும் எழுதியவர் லூக்கா என்ற ஒரே ஆள், தெயோப்பிலு என்ற ஒரே ஆளுக்குத்தான் எழுதினார் என்பதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். தன் முதல் புத்தகத்தில் என்ன எழுதினோம் என்பது அவருக்கு மறந்துபோயிருக்காது. லூக்கா 24ல் காலையில் கல்லறை, சாயங்காலம் எம்மாவு, இரவு எருசலேம், அப்புறம் பெத்தானியா என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போகிறார். இடையில் எத்தனை நாள் ஓடியது என்று சொல்லாமல் விடுகிறார், அவ்வளவுதான்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. ஒரே சம்பவத்தை அவர் ஒரு புத்தகத்தின் கடைசியிலும் அடுத்த புத்தகத்தின் தொடக்கத்திலும் வைக்கிறார். முதலாவதில் இயேசு கைகளை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துக்கொள்ளப்படுகிறார், சீஷர்கள் மிகுந்த சந்தோஷத்தோடு எருசலேமுக்குத் திரும்புகிறார்கள். நெருங்கின ஒருவரை வழியனுப்பிவிட்டு யாராவது சந்தோஷமாக வீடு திரும்புவார்களா? அவர்கள் அதைப் பிரிவாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. இரண்டாவதில் வெண்வஸ்திரம் தரித்த இரண்டுபேர் வந்து, "நீங்கள் ஏன் வானத்தை அண்ணாந்துபார்த்து நிற்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். வேலை கிடக்கிறது, கிளம்புங்கள் என்பதுதான் அதில் தொனிக்கிறது.

மத்தேயுவும் யோவானும் இதை ஏன் எழுதவில்லை?

காட்சியை எழுதவில்லை, விஷயத்தை எழுதியிருக்கிறார்கள். மத்தேயு கலிலேயாவில் ஒரு மலையில் முடிக்கிறார், அங்கே இயேசு சொல்வது: "வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது." சிங்காசனம் ஏறியவர் பேசுகிற பேச்சு அது. யோவானில் மகதலேனா மரியாளிடம், "நான் இன்னும் என் பிதாவினிடத்திற்கு ஏறிப்போகவில்லை" என்கிறார். ஏறிப்போவதைப் பற்றி 3ஆம், 6ஆம் அதிகாரங்களிலும் முன்கூட்டியே பேச்சு வருகிறது. மாற்கு 16:19ல் நேரடியாகவே இருக்கிறது, ஆனால் மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் மாற்கின் அந்தக் கடைசிப் பகுதி கிடையாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பவுலும் பேதுருவும் எபிரெயருக்கு எழுதியவரும் பரமேறுதலை யாரும் தகராறு செய்யாத ஒன்றாக வைத்துத்தான் மேற்கொண்டு பேசுகிறார்கள்.

மேலே போனார் என்றால் எங்கே போனார்? மேகத்துக்கு அப்பால் விண்வெளிதானே இருக்கிறது?

வாலிபர் கூட்டத்தில் முதலில் வருகிற கேள்வி இதுதான், கேட்கிற பையனைப் பெரியவர்கள் முறைப்பதும் வழக்கம். முறைக்க ஒன்றுமில்லை, நியாயமான கேள்வி.

பரலோகம் என்பது பூமியிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று அளக்கக்கூடிய இடம் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. தேவாலயத்தைக் கட்டி முடித்த சாலொமோனே, வானங்களும் வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே என்று ஜெபிக்கிறார் (1 இராஜாக்கள் 8:27). ராக்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத காலத்து மனுஷர் அவர், ஆனாலும் கடவுள் வானத்தின் ஒரு மூலையில் குடியிருக்கிறார் என்று நினைக்கவில்லை. எபேசியர் 4:10 கிறிஸ்து எல்லாவற்றையும் நிரப்பும்படிக்கு எல்லா வானங்களுக்கும் மேலாக ஏறினார் என்கிறது. எல்லாவற்றையும் நிரப்புகிறவரை ஒரு திசையில் தேட முடியாது.

அப்படியானால் ஏன் மேல்நோக்கிப் போனார்? சீஷர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால். உயிர்த்தெழுந்த பிறகு நாற்பது நாளாக அவர் திடீரென்று தோன்றுவார், திடீரென்று மறைவார். எம்மாவு வீட்டில் அப்பம் பிட்டதும் காணாமல்போனார். இந்த முறையும் அப்படியே மறைந்திருந்தால் "அடுத்து எப்போது வருவாரோ" என்று அவர்கள் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். இது அந்த வரிசையில் சேராதது, இனி அவர் இருக்கும் விதமே வேறு என்று அவர்களுக்குக் கண்ணால் தெரிய வேண்டியிருந்தது. ஒரு யூதனின் கண்ணுக்கு மேலே போவது என்றால் என்ன, மேகம் என்றால் என்ன என்பதில் சந்தேகமே கிடையாது.

மேகத்துக்கு அப்படி என்ன விசேஷம்?

இஸ்ரவேலரை வனாந்தரத்தில் நடத்தினது மேகம், சீனாய் மலையை மூடினது மேகம், சாலொமோன் கட்டின ஆலயத்தை நிரப்பி ஆசாரியர்களை வெளியே நிறுத்தினது மேகம், மறுரூப மலையில் நிழலிட்டதும் மேகம். கடவுள் இருக்கிற இடத்துக்கு அது அடையாளம்.

இதையெல்லாம்விட முக்கியமானது தானியேல் 7. அங்கே நான்கு மிருகங்கள் கடலிலிருந்து வருகின்றன, நான்கும் நான்கு அரசுகள். அதற்குப் பிறகு "மனுஷகுமாரனுடைய சாயலான" ஒருவர் வானத்து மேகங்களுடனே வந்து நீண்ட ஆயுசுள்ளவரிடத்தில் கொண்டுபோய் விடப்படுகிறார். சகல ஜனங்களும் அவரைச் சேவிக்கும்படி கர்த்தத்துவமும் மகிமையும் ராஜரிகமும் அவருக்குக் கொடுக்கப்படுகிறது. அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பாருங்கள்! பூமிக்கு இறங்கி வரவில்லை, கடவுளின் சந்நிதிக்கு ஏறிப்போகிறார். பூமியில் நின்று பார்த்த சீஷர்கள் ஒரு மேகம் அவரை மறைத்ததை மட்டும் கண்டார்கள், தானியேல் அதையே மறுபக்கத்திலிருந்து கண்டார். பரமேறுதலை முடிசூட்டு விழா என்று சபை சொல்வதற்கு அடிப்படை இந்த அதிகாரமும் சங்கீதம் 110ம்தான். மிருகங்கள் ஆண்ட இடத்தில் ஒரு மனுஷர் ஆளவருகிறார் என்பதையும் விட்டுவிடாதீர்கள், பின்னால் அது தேவைப்படும்.

எலியாவும் ஏனோக்கும்கூடப் போனார்களே?

போனார்கள், ஆனால் யாரும் அவர்களைச் சிங்காசனத்தில் உட்காரவைக்கவில்லை. லூக்கா எலியாவை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார் என்று நினைக்கிறேன்: எலியா போவதை எலிசா கண்ணால் பார்த்தால்தான் அவருடைய ஆவியின் பங்கு கிடைக்கும் என்று நிபந்தனை இருந்தது (2 இராஜாக்கள் 2). இங்கேயும் சீஷர்கள் "பார்க்க" எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று அழுத்திச் சொல்கிறார், அடுத்த அதிகாரத்தில் ஆவி இறங்குகிறது.

அன்றைய ரோமர்களுக்கு இன்னொரு கதை ஞாபகம் வந்திருக்கும். பேரரசர் அகுஸ்து கி.பி. 14ல் இறந்து எரிக்கப்பட்டபோது, அவர் பரலோகத்துக்கு ஏறிப்போவதைப் பார்த்தேன் என்று நுமேரியுஸ் அத்திக்குஸ் என்ற செனட்டர் சத்தியம் பண்ணினார். அதற்கு அகுஸ்துவின் மனைவி லிவியா அவருக்குப் பத்து லட்சம் செஸ்டர்ஸ் பணம் கொடுத்ததாக ரோம வரலாற்றாசிரியர் தியோ காசியுஸ் எழுதுகிறார். இயேசு ஏறிப்போவதைப் பார்த்தோம் என்று சொன்னவர்களுக்குச் சிறையும் சாட்டையும்தான் கிடைத்தன. அகுஸ்துவுக்கு உலகம் முழுக்க அதிகாரம் இருந்தபோது அவரை மேலே அனுப்பினார்கள். இங்கே ஏறிப்போனவர் ஆறு வாரத்துக்கு முன்பு அதே ரோம அரசாங்கத்தால் சிலுவையில் அறையப்பட்டவர்.

வலது பாரிசம் என்றால் கடவுளுக்கு வலதுகை, இடதுகை உண்டா?

கிடையாது. அரசவையில் ராஜாவுக்கு வலப்பக்கம் உட்காருகிறவர் அவருடைய அதிகாரத்தில் பங்குள்ளவர். சாலொமோன் தன் தாய் பத்சேபாளுக்கு வலப்பக்கம் ஆசனம் போடச்சொன்னது ஞாபகம் இருக்கலாம். "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி: ... நீர் என்னுடைய வலதுபாரிசத்தில் உட்காரும் என்றார்" என்ற சங்கீதம் 110:1தான் புதிய ஏற்பாட்டில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் பழைய ஏற்பாட்டு வசனம். இயேசுவே அதைக் காட்டிப் பரிசேயரை மடக்குகிறார், பெந்தெகொஸ்தே அன்று பேதுரு தன் பிரசங்கத்தை அதில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

அந்தச் சங்கீதத்தின் 4ஆம் வசனத்தைப் பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. அதே ராஜாவைப் பார்த்து "நீர் மெல்கிசேதேக்கின் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியராயிருக்கிறீர்" என்கிறது. இஸ்ரவேலில் ராஜா வேறு, ஆசாரியர் வேறு. உசியா ராஜா தூபங்காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தபோது நெற்றியில் குஷ்டரோகம் தோன்றி வெளியே துரத்தப்பட்டார். யூதா கோத்திரத்தில் பிறந்த இயேசு லேவியரின் முறைப்படி ஆசாரியராக வழியே இல்லை என்று எபிரெயர் 7 ஒப்புக்கொண்டுவிட்டு, ஆபிரகாம் காலத்தில் ராஜாவும் ஆசாரியருமாக இருந்த மெல்கிசேதேக்கைக் கொண்டுவருகிறது. உட்கார்ந்திருப்பதும் அதோடு சேர்ந்ததுதான். ஆசரிப்புக் கூடாரத்தில் மேஜை உண்டு, குத்துவிளக்கு உண்டு, பீடம் உண்டு. ஆசாரியர் உட்கார நாற்காலி கிடையாது, ஏனென்றால் பலி தினமும் தொடர்ந்தது. இவரோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார் (எபிரெயர் 10:11, 12).

அப்படியானால் ஸ்தேவான் அவர் நிற்கிறதைக் கண்டாரே?

ஆமாம், கல்லெறிந்து கொல்லப்படுவதற்குச் சற்று முன்பு, அப்போஸ்தலர் 7:55. ஏன் என்று வேதம் சொல்லவில்லை. தன் சாட்சியை வரவேற்க எழுந்தார் என்று பழைய பிரசங்கிகள் சொல்வார்கள். நியாயசபையில் சாட்சி சொல்கிறவர் எழுந்து நிற்பதுபோல, பூமியின் ஆலோசனைச் சங்கம் குற்றவாளி என்று தீர்த்தவனுக்காக அங்கே எழுந்து நின்றார் என்று வேறு சிலர். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, ஆனால் அதை உபதேசமாக்க மாட்டேன்.

உடலோடுதான் போனாரா? பரலோகத்தில் உடல் எதற்கு?

உடலோடுதான். பெத்லகேமில் எடுத்த மனுஷ சரீரத்தை அவர் ஒலிவ மலையில் கழற்றிப்போட்டுவிட்டுப் போகவில்லை. நம்மில் பலர் வெளியே சொல்லாவிட்டாலும் உள்ளுக்குள் வேறுமாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம்: முப்பத்துச் சொச்சம் வருஷம் மனுஷராக இருந்தார், இப்போது பழையபடி கடவுளாக மட்டும் இருக்கிறார் என்று. சபை அப்படி ஒருபோதும் விசுவாசிக்கவில்லை. பவுல் 1 தீமோத்தேயு 2:5ல் தேவனுக்கும் மனுஷருக்கும் நடுவே இருக்கிற மத்தியஸ்தரைப் பற்றி எழுதும்போது அவரை "மனுஷனாகிய கிறிஸ்து இயேசு" என்றுதான் சொல்கிறார், இது பரமேறி எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு.

காயங்களும் அப்படியே. தோமாவுக்குக் காட்டின தழும்புகள் உயிர்த்தெழுந்த உடலில் இருந்தன. வெளிப்படுத்தல் 5ல் யூதா கோத்திரத்துச் சிங்கத்தைப் பார்க்கலாம் என்று யோவான் திரும்பும்போது சிங்காசனத்தின் மத்தியில் நிற்பது அடிக்கப்பட்ட வண்ணமாயிருக்கிற ஆட்டுக்குட்டி. நம்முடைய ராஜாவுக்குக் கொலை செய்யப்பட்ட தழும்பு இருக்கிறது. இயேசு ராஜா என்று எந்த அர்த்தத்தில் சொன்னாலும் இதைக் கடந்து போகக் கூடாது என்பது என் எண்ணம், கீழே அரசியலைப் பற்றிய கேள்வியிலும் இதற்குத்தான் வருவேன்.

1563ல் ஜெர்மனியில் வெளிவந்த ஹைடெல்பெர்க் வினாவிடை, பரமேறுதலால் நமக்கு என்ன பயன் என்று கேட்டு மூன்று பதில் சொல்கிறது: அவர் அங்கே நமக்காகப் பரிந்து பேசுகிறார், நம்முடைய மாம்சம் பரலோகத்தில் இருக்கிறது, தலை போன இடத்துக்கு அவயவங்களும் போகும் என்பதற்கு அது அடமானம், அதற்குப் பதில் அடமானமாகத் தம் ஆவியை இங்கே அனுப்பியிருக்கிறார். நடுவில் இருக்கிற பதிலை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். களைப்பும் பசியும் தெரிந்த உடல் இன்று பிதாவின் அருகில் இருக்கிறது. உடம்பு கேவலமானது, ஆத்துமா மட்டும்தான் கடவுளுக்கு வேண்டும் என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

அங்கே நமக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார் என்றால், பிதா கோபமாக இருக்கிறார், இவர் கெஞ்சிச் சமாதானப்படுத்துகிறார் என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. பிரசங்கங்களில் இந்தப் படம் அடிக்கடி வந்துவிடுகிறது, கேட்கிறவர்களும் அப்படியே மனதில் பதித்துக்கொள்கிறார்கள். குமாரனை அனுப்பினவரே பிதாதான், அவரை உயர்த்தி வலதுபக்கம் உட்காரவைத்ததும் பிதாதான். ரோமர் 8ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: தம்முடைய சொந்தக் குமாரனென்றும் பாராமல் அவரை ஒப்புக்கொடுத்தவர் என்று பிதாவைப் பற்றி 32ஆம் வசனத்தில் சொல்லிவிட்டுத்தான், கிறிஸ்து நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று 34ஆம் வசனத்தில் வருகிறது. பிரதான ஆசாரியர் பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்கள் வெட்டின கற்களை மார்பில் அணிந்துகொண்டு பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவார் (யாத்திராகமம் 28). அவர் உள்ளே போனால் ஜனங்களும் போனதாகக் கணக்கு. இங்கேயும் அப்படித்தான், அவர் அங்கே இருப்பதே நமக்காகப் பேசுவது.

ஆனாலும் கூடவே இருந்தவர் போய்விட்டார் என்பது நமக்கு நஷ்டம்தானே?

கலிலேயாவில் இருந்தபோது அவர் எருசலேமில் இல்லை. பெத்தானியாவுக்கு வரத் தாமதித்தபோது மார்த்தாளும் மரியாளும் ஆளுக்கு ஒருமுறை, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்றார்கள். அந்தக் கட்டுப்பாடு இப்போது இல்லை. "நான் போகிறது உங்களுக்குப் பிரயோஜனமாயிருக்கும்" என்று யோவான் 16:7ல் அவரே சொல்லியிருக்கிறார், சீஷர்கள் அதை அன்றைக்கு நம்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்று. அடக்க ஆராதனை முடிந்து வீட்டுக்குத் திரும்பின ஒருவர், அவர் என் கண்ணுக்கு முன்னால் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னால், அவரிடம் இந்த வசனத்தை நீட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் தப்பு இல்லை. வேதாகமத்தின் கடைசிக்கு முந்தின வசனமே "கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்றுதான் கூப்பிடுகிறது.

திருவிருந்தில் அவர் எப்படி இருக்கிறார், உடல் பரலோகத்தில் இருக்கிறது என்றால்?

இந்தக் கேள்வியில்தான் சீர்திருத்தச் சபைகள் இரண்டாகப் பிளந்தன. 1529ல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் உட்கார்ந்து பேசினார்கள். லூத்தர் "இது என்னுடைய சரீரம்" என்ற வசனத்தை மேஜைமேல் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்து நகர மறுத்தார். கடவுளின் வலதுகரம் எங்கும் இருக்கிறது, ஆகவே கிறிஸ்துவின் சரீரமும் அப்பத்தில் இருக்க முடியும் என்பது அவர் கட்சி. உடல் என்றால் அதற்கு ஓர் இடம் வேண்டும், அது பரலோகத்தில் இருக்கிறது, இது நினைவுகூருதல் என்பது சுவிங்லி. பின்னால் வந்த கால்வின், அவர் கீழே இறங்குவதில்லை, ஆவியானவர் நம்மை அவரிடம் உயர்த்துகிறார் என்றார். எந்தச் சபையில் வளர்ந்தோமோ அதன் பதில் நமக்குச் சரியாகப் படும். என் மனது கால்வின் பக்கம் சாய்கிறது, "உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள்" என்று திருவிருந்து முறைமையில் சொல்வது அதோடு நன்றாகவே பொருந்துகிறது.

இயேசு ராஜா என்றால் உலகம் ஏன் இந்த லட்சணத்தில் இருக்கிறது?

கேள்வியின் கனத்தைக் குறைக்காமல் எபிரெயர் நிருபமே இதைக் கேட்கிறது: "இன்னும் அவருக்குச் சகலமும் கீழ்ப்பட்டிருக்கக் காணோம்." (2:8) காணோம் என்று வேதாகமமே எழுதிவைத்திருக்கும்போது, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் நடிக்க வேண்டிய அவசியமில்லை. குண்டு விழுந்த ஆஸ்பத்திரியையும் சாக்கடைக்குள் இறங்கிச் செத்துப்போன தொழிலாளியையும் பார்த்துவிட்டு, "ராஜா ஆளுகிறார்" என்று சத்தமாகப் பாடி அதை மூடிவிட முடியாது. அடுத்த வசனம் "இயேசுவை... காண்கிறோம்" என்கிறது, அதுவும் மரணத்தை உத்தரித்ததினிமித்தம் முடிசூட்டப்பட்டவராக. எழுதியவர் கொடுக்கிற பதில் அவ்வளவுதான். ஏன் இவ்வளவு தாமதம் என்று அவர் விளக்கவில்லை.

சங்கீதம் 110லும் இந்த இடைவெளி இருக்கிறது. சத்துருக்களைப் பாதபடியாக்கிப்போடும் "வரைக்கும்" உட்காரும் என்கிறது. சிங்காசனத்தில் உட்கார்ந்த பிறகும் சத்துருக்கள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். தாவீதின் கதையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பெத்லகேமில் சாமுவேல் அபிஷேகம் பண்ணின பிறகும் சவுல் சிங்காசனத்தில் இருந்தார், ஈட்டியும் அவர் கையில்தான் இருந்தது. அபிஷேகம் பெற்றவர் குகைகளில் ஒளிந்து திரிந்தார், அவரோடு சேர்ந்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்களும் கடன்பட்டவர்களும். யூதாவுக்கு ராஜாவான பிறகும் எப்ரோனிலேயே ஏழரை வருஷம், அப்புறம்தான் எருசலேம். இந்த ஒப்புமை முழுதாகப் பொருந்தாது, ஏனென்றால் கிறிஸ்து ஏற்கனவே சிங்காசனத்தில் இருக்கிறார். ஆனால் அந்தக் குகையில் தாவீதோடு இருந்தவர்களின் நிலைமைதான் நம்முடையதும்: யார் உண்மையான ராஜா என்று தெரியும், நாட்டில் ஓடுகிற உத்தரவு மற்றவனுடையது.

இதற்கும் அரசியலுக்கும் சம்பந்தம் உண்டா? "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்றாரே?

சம்பந்தம் இல்லாமலா சிலுவையில் "யூதருடைய ராஜா" என்று எழுதிப்போட்டார்கள்? யோவான் 18:36ஐ முழுதாக வாசித்தால், என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதானால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே என்றுதான் வாதம் போகிறது. அவருடைய அரசாட்சி உலகத்தின் முறையில் வருவதில்லை. உலகத்தை அது தொடாது என்று அவர் சொல்லவில்லை.

தெசலோனிக்கேயாவில் பவுல்மேல் வந்த புகார், இயேசு என்னும் வேறொருவனை ராஜா என்று சொல்கிறார்கள் என்பது. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்தின் வயதான ஆயர் பொலிகார்ப்பை ராயன்மேல், அதாவது ரோமப் பேரரசர்மேல், ஆணையிட்டுக் கிறிஸ்துவைச் சபிக்கச் சொன்னபோது, எண்பத்தாறு வருஷம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என்னை இரட்சித்த என் ராஜாவை எப்படி நிந்திப்பேன் என்றார். அவர் மரணத்தைப் பதிவு செய்தவர்கள் கடைசியில் தேதி போடும்போது, இன்னார் தேசாதிபதியாயிருந்த காலத்தில் என்று அன்றைய வழக்கப்படி எழுதிவிட்டு, இயேசு கிறிஸ்துவோ என்றென்றைக்கும் அரசாளுகிறார் என்று சேர்த்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

1925 டிசம்பரில் திருத்தந்தை 11ஆம் பயஸ் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தியபோது இத்தாலியில் முசோலினி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. முதலில் அது அக்டோபர் கடைசி ஞாயிறு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கு மாறியது. இப்போது பல புராட்டஸ்டண்ட் சபைகளும் அதைக் கடைப்பிடிக்கின்றன. 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய புராட்டஸ்டண்ட் சபைகளின் பிரதிநிதிகள், கார்ல் பார்த் என்ற இறையியலாளர் பெரும்பாலும் எழுதிய அறிக்கையில், நம் வாழ்வில் இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தமில்லாமல் வேறு எஜமான்களுக்குச் சொந்தமான பகுதி ஒன்று உண்டு என்ற போதனையைத் தள்ளினார்கள். இட்லருக்கு அது யாரைச் சொல்கிறது என்று புரிந்திருக்கும். ஆனால் அந்த அறிக்கையில் யூதர்கள் படுகிற பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கார்ல் பார்த் தாமே பின்னாளில் அதற்காக வருந்தினார்.

மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. 1099ல் சிலுவைப் போர்க்காரர் எருசலேமைப் பிடித்து நகரத்தாரை வெட்டிச் சாய்த்தது கிறிஸ்துவின் பெயரைச் சொல்லித்தான். 1920களில் மெக்சிகோவில் அரசாங்கம் சபையை ஒடுக்கியபோது, "கிறிஸ்து அரசர் வாழ்க" என்ற முழக்கத்தோடு ஆயுதம் எடுத்தவர்களும் இருந்தார்கள். அதே வார்த்தைகளைச் சொல்லி, ஆயுதம் எடுக்காமல், 1927ல் துப்பாக்கிப் படைக்கு முன்னால் கைகளை விரித்து நின்ற குரு மிகுவேல் புரோவும் இருந்தார். எந்தக் கட்சியாவது, எந்த நாட்டிலாவது, கிறிஸ்துவின் அரசாட்சி என்று சொல்லி ஓட்டோ வாளோ கேட்டால், அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி அதில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தானியேலில் நான்கு மிருகங்களுக்கு எதிராக வந்தவர் ஐந்தாவது மிருகமாக வரவில்லை.

1 கொரிந்தியர் 15ல் அவர் ராஜ்யத்தைப் பிதாவுக்கு ஒப்புக்கொடுப்பார் என்று இருக்கிறது. அப்போது அவருடைய ஆட்சி முடிந்துவிடுமா?

நான்காம் நூற்றாண்டில் அங்கீராவின் ஆயர் மார்செல்லுஸ் ஏறக்குறைய இப்படித்தான் போதித்தார், இன்றைய துருக்கியின் தலைநகர் அங்காராதான் அந்த ஊர். அதற்கு மறுப்பாகத்தான் 381ல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தின் விசுவாசப் பிரமாணத்தில் அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்ற வரி சேர்ந்தது. அதற்கு முன்பு 325ல் நீசேயா சங்கத்தில் எழுதின பிரமாணத்தில் அந்த வரி இல்லை. காபிரியேல் மரியாளுக்குச் சொன்ன வார்த்தையே அது (லூக்கா 1:33). ஒப்புக்கொடுப்பது என்றால் பதவி இழப்பது ஆகாது; சத்துருக்களை ஒடுக்குகிற வேலை முடிந்து, கடைசிச் சத்துருவாகிய மரணமும் ஒழிந்து, மீட்கப்பட்ட எல்லாவற்றையும் பிதாவின் முன் கொண்டுவந்து நிறுத்துவது.

ஒலிவ மலையில் இயேசுவின் பாதச்சுவடு இருக்கிறதாமே?

பரமேறுதல் சிற்றாலயத்தில் அப்படி ஒரு கல்லைக் காட்டுகிறார்கள். பொயமேனியா என்ற ரோமப் பெருமாட்டி நான்காம் நூற்றாண்டில் அங்கே முதல் ஆலயத்தைக் கட்டினார்; இப்போது நிற்கிற எண்கோணக் கட்டடம் சிலுவைப் போர்க் காலத்தது. சலாதீன் 1187ல் எருசலேமைப் பிடித்த பிறகு அது முஸ்லிம்கள் வசம் வந்தது, இன்றும் அப்படியே. ஈசா நபி உயர்த்தப்பட்டார் என்று அவர்களும் நம்புவதால் இடத்துக்கு மரியாதை உண்டு, பண்டிகை நாளில் கிறிஸ்தவர்கள் அங்கே ஆராதிக்கவும் செய்கிறார்கள். கல்லைப் பற்றி: அப்போஸ்தலர் 1:12 எருசலேமிலிருந்து ஓய்வுநாள் பிரயாண தூரம் என்கிறது, அதாவது சுமார் 2000 முழம், லூக்கா 24:50 பெத்தானியா வரைக்கும் என்கிறது, அது மலையின் மறுசரிவில் இன்னும் தள்ளி இருக்கிறது. எந்த இடம் என்று அடி வைத்துக் காட்ட லூக்காவுக்கே அக்கறை இல்லை. போகிறவர்கள் போய்ப் பாருங்கள், சுவட்டின்மேல் விசுவாசத்தைக் கட்டாதீர்கள்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆல்பிரெக்ட் டியூரர் 1511ல் வெளியிட்ட மரச்செதுக்குப் படம் ஒன்று இருக்கிறது. சீஷர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், படத்தின் மேல்விளிம்பில் இரண்டு பாதங்களும் அங்கியின் ஓரமும் மட்டும் தெரிகின்றன. ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளிடம் காட்டினால் கட்டாயம் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அப்புறம் "மிச்ச உடம்பு எங்கே போச்சு?" என்று கேளுங்கள். மேலே சொன்ன கேள்விகளில் பாதியை அவர்களே கேட்டுவிடுவார்கள்.

பண்டிகை அன்று ஆலயத்துக்குப் போக முடியவில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

சங்கீதம் 47, சங்கீதம் 110, தானியேல் 7:9-14, அப்போஸ்தலர் 1:1-14, எபேசியர் 1:15-23. சாப்பாட்டுக்கு முன்னால் குடும்பமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று வாசித்தால் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாளிலிருந்து பெந்தெகொஸ்தேவுக்கு முந்தின நாள் வரைக்கும் ஒன்பது நாள் இருக்கிறது. சீஷர்கள் மேல்வீட்டில் ஸ்திரீகளோடும் இயேசுவின் தாயாகிய மரியாளோடும் ஒருமனப்பட்டு ஜெபித்தது அந்த நாட்களில்தான். கத்தோலிக்க வீடுகளில் நவநாள் சொல்கிற வழக்கத்துக்கு இந்த ஒன்பது நாளே முன்மாதிரி. மற்றவர்கள் தினமும் ஒரு நாட்டின் பெயரையோ, வழக்கு நடந்துகொண்டிருக்கிற ஒரு குடும்பத்தையோ, வேலை தேடுகிற ஒரு பிள்ளையையோ எடுத்துக்கொண்டு, "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று ஜெபிக்கலாம்.